முதல்முதலா ஆட எந்த டேபிள்டாப் ஆர்பிஜி? (நாலு பேர், கடலூர், கையில் டைஸ் கிடையாது)

கேள்வி: ஏப்ரல் 27, இரவு 9:14

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துலேருந்து எழுதறேன். பிளஸ் டூ எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கற நாலு பேர். யூடியூப்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற டேபிள்டாப் ஆர்பிஜி (மேஜையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமா டைஸ் போட்டுக் கதை கட்டற ஆட்டம்) ஆடறதைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துடுச்சு. விசாரிச்சா மூணு தடிப் புத்தகம் வாங்கணும்ங்கறாங்க. விலையைப் பார்த்ததும் ஒருத்தன் பாதி கழண்டுட்டான், இப்போ மூணரை பேர். யாருக்கும் முன் அனுபவம் இல்லை. இங்கிலீஷ் படிச்சாப் புரியும், பேச வராது. எல்லாரும் ஆடறது இதுதான், அதனால இதுலதான் ஆரம்பிக்கணும்னு என் கட்சி. சரிதானே?

ஏப்ரல் 27, இரவு 10:50

உங்க கட்சி தோத்துடுச்சு தம்பி. காசை உள்ளே வைங்க.

எனக்குப் புதுச்சேரி லாஸ்பேட்டையில ஜெராக்ஸ் கடை. எந்தப் புத்தகத்தையும் பக்கக் கணக்குலதான் பார்ப்பேன், தொழில் புத்தி. 2014ல வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 320 பக்கம். 2024ல புதுப்பிச்சு வந்தது 384. இது ஆடறவங்களுக்கு மட்டும். நடத்தறவருக்கு (கதையைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்தறவர்) ஒண்ணு, பூத பிசாசுக்கெல்லாம் ஒண்ணு தனி. பாடப் புத்தகத்தையே கடைசி வாரம் திறந்த கூட்டம் இதை எப்போ படிச்சு முடிக்கறது?

பட்டுத்தான் சொல்றேன். 2019ல எங்க மொட்டை மாடியில அஞ்சு பேரைக் கூட்டினேன். சாயந்திரம் அஞ்சரைக்கு உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு கேரக்டரை ஷீட்டுல எழுதணும்: என்ன இனம், என்ன தொழில், என்ன பின்னணி, எந்தத் திறமை, மூட்டையில என்ன சாமான், கயிறு எத்தனை அடி. மந்திரவாதி வேணும்னு கேட்டவர் எங்க தெரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். மந்திரப் பட்டியலை பாலிசி படிக்கற மாதிரி வரி வரியா மேய்ஞ்சு, "இதுல எது பின்னாடி பிரயோஜனப்படும்?"னு கேட்டே ஒன்றரை மணி நேரம் ஓட்டினார். ஒன்பதுக்கு பரோட்டா பார்சல் வந்தது. சாப்பிட்டாங்க. கை கழுவினாங்க. போயிட்டாங்க. ஆட்டம்னு ஒரு வரி நடக்கலை. அந்த அஞ்சு ஷீட்டும் இன்னும் கடை டிராயர்ல கிடக்கு, பின்பக்கத்துல பேப்பர் கணக்கு எழுதறேன்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரே அளவுகோல்தான். உட்கார்ந்த கால் மணி நேரத்துல ஒருத்தராவது "நான் இப்படிப் பண்றேன்"னு வாயைத் திறக்கணும். அன்னைக்கு ராத்திரியே கதை முடியணும்.

விதி மொத்தமும் ஒரே பக்கத்துல அடங்கற ஆட்டங்கள் இருக்கு. லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ், ஜான் ஹார்ப்பர் 2013ல எழுதினது. விண்வெளிக் கப்பல், கேப்டன் படுத்த படுக்கை, கப்பல் உங்க பொறுப்பு. ஆளுக்கு ஒரு எண், 2லேருந்து 5க்குள்ள. மூளை, இயந்திரம், நிதானம் வேணும்கற காரியமா, ஆறு முக டைஸ் உங்க எண்ணுக்குக் கீழ விழணும். பேச்சு, பாசம், ஆவேசமா, மேல விழணும். 5 வச்சிருக்கறவன் இன்ஜினுக்கு ராஜா, ஆனா யாரையும் சமாதானப்படுத்த வராது. 2 வச்சிருக்கறவனுக்கு நேர்மாறு. ரெண்டுலயும் கெட்டிக்காரனா இருக்க வழியே கிடையாது, அதுதான் அழகு. சரியா அதே எண் விழுந்தா நடத்தறவரை ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியாகணும். அவ்வளவுதான். நாலு காப்பி எடுத்தாலும் டீக்காசு.

ஏப்ரல் 28, காலை 7:05

டைஸ் எங்கே கிடைக்கும்னு கேட்டிருக்கீங்க. லூடோ டப்பாவைத் திறங்க.

விதவிதமா முகம் வச்ச ஏழு டைஸ் செட்டுக்கு ஆசைப்பட்டு நான் ஆன்லைன்ல வரவழைச்சேன். அதுல பத்து முக டைஸ் ரெண்டு வரணும். ஒண்ணுல 0லேருந்து 9, இன்னொண்ணுல 00, 10, 20ன்னு பத்துப் பத்தா. எனக்கு வந்தது ரெண்டுமே பத்துப் பத்தா. ஒண்ணாம் இடத்துக்கு ஆளே இல்லை. திருப்பி அனுப்பற செலவுக்கு ரெண்டு செட்டு வாங்கிடலாம்னு விட்டுட்டேன்.

ஏப்ரல் 28, இரவு 11:30

விண்வெளியில விருப்பமில்லைன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுலயும் அது எடுபடலை. எடுபட்டது இன்னொண்ணு.

ஹனி ஹைஸ்ட். கிராண்ட் ஹாவிட் எழுதினது, இதுவும் ஒரே பக்கம். கரடிங்க கூட்டுச் சேர்ந்து தேன் மாநாட்டைக் கொள்ளையடிக்கணும். ஆளுக்கு ரெண்டே குணம்: கரடி, திருடன். ரெண்டும் 3ல தொடங்கும். டைஸ்ல உங்க எண்ணோ அதுக்குக் கீழயோ விழுந்தா காரியம் பலிக்கும். சொதப்பினா திருடன்லேருந்து ஒரு புள்ளி கரடிக்குப் போகும். திட்டம் அச்சு அசலா நடந்தா கரடியிலேருந்து ஒண்ணு திருடனுக்கு வரும். கரடி 6 தொட்டா காட்டுக் குணம் தலைக்கேறிடும், ஆள் அவுட். திருடன் 6 தொட்டா கூட இருக்கறவங்களையே காட்டிக் கொடுத்துடுவான்.

எங்க ஊர்ல கரடிக்கு எங்கே போறது? பூனையா மாத்தினேன். தேனுக்குப் பதில் வஞ்சிரம். மாநாட்டுக்குப் பதில் நம்ம பெரிய மார்க்கெட், மீன் விக்கற பக்கம். அக்கா பசங்க ரெண்டு பேர், என் வீட்டுக்காரம்மா, அப்புறம் அதே இன்சூரன்ஸ் ஏஜென்ட். (அவரை மறுபடி மாடி ஏத்த ரெண்டு வருஷம் ஆச்சு. பேனாவே தொட வேண்டாம்னு சத்தியம் பண்ணித்தான் கூட்டிட்டு வந்தேன்.)

விடியற்காலை, ஐஸ் பெட்டி இறங்குது, தரையெல்லாம் தண்ணி, லைட்டு ஒண்ணு மினுக் மினுக்குங்குதுன்னு நான் சொல்லி வாய் மூடலை, ஏஜென்ட், "எனக்கு ஒரு கண்ணு கிடையாது. நான் போய் மீன்காரம்மா கால்ல உரசறேன்"னார். கணக்குப் போட்டா ஒரு நிமிஷம்கூட ஆகலை. டைஸ் போட்டார், 2. பூனைக் குணம் பலிச்சது. அந்தம்மா அருவாமனையை விட்டு நகராமலே ஒரு நெத்திலியைத் தூக்கிப் போட்டாங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான், "எனக்கு இது போதும், நான் வரலை"ன்னு உட்கார்ந்துட்டார். மத்த மூணு பூனையும் அவரை இழுக்கறதுக்கே அரை மணி நேரம். பெரிய பையன் வஞ்சிரத்து வாலைக் கவ்வினான், 5 விழுந்தது, ஐஸ் பெட்டி மொத்தமா சரிஞ்சது. கடைசியில ஏஜென்ட் பூனை 6 தொட்டு, கொள்ளை கிள்ளையெல்லாம் மறந்து, கவுந்த பெட்டி மேலயே சுருண்டு தூங்கிட்டார். எங்க வீட்டுக்காரம்மா திருடன் 6 தொட்டு எல்லாரையும் காட்டிக் கொடுத்துட்டு மீனோட போயிட்டாங்க. அது ஆட்டத்துல மட்டும்தானான்னு எனக்கு இன்னும் சந்தேகம்.

மொத்தம் ரெண்டு மணி நேரம். இறங்கறப்போ ஏஜென்ட் கேட்டது: "அடுத்தது எப்போ?"

மே 1, பகல் 2:30

இன்னைக்குக் கடை லீவு, அதனால நீளமா எழுதறேன்.

"லூடோ டப்பாவும் இல்லைன்னா?"னு ஒருத்தர் கிண்டலாக் கேட்டிருக்கார். தாயக்கட்டை இருக்குமில்ல? விளையாட்டுக்குச் சொல்லலை, நான் ஆடியிருக்கேன்.

2010ல பேக்கர் தம்பதி கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்டுன்னு ஒரு ஆட்டம். அதைப் பார்த்து நூத்துக்கணக்குல கிளை விட்டிருக்கு. அதோட எஞ்சின் இது: ரெண்டு ஆறு முக டைஸைக் கூட்டி, கூடவே உங்க ஆளோட குண எண்ணையும் சேர்த்த தொகை. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா நினைச்சது நடக்கும். 7லேருந்து 9ன்னா நடக்கும், ஆனா ஒரு வில்லங்கத்தோட. 6க்குள்ளன்னா நடத்தறவர் கை ஓங்கும். நடுவுல இருக்கற "நடக்கும், ஆனா"தான் உசிர். புதுசா ஆடறவங்களுக்கு நடத்தறவர் கதை சொல்லத் திணற மாட்டார், வில்லங்கமே கதையை இழுத்துட்டுப் போகும்.

இதைத் தாயக்கட்டைக்கு மாத்தினேன். ரெண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம், 0, 1, 2, 3. ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு. மொத்தம் 16 விதமா விழலாம். 5, 6, 12 விழுந்தா முழு வெற்றி, அது 16க்கு 3. 3, 4 விழுந்தா வில்லங்க வெற்றி. 1, 2 தோல்வி. சிமென்ட் தரையில உருட்டறப்போ வர்ற அந்தச் சத்தத்துக்கே கதையில ஒரு கெத்து வந்துடும்.

மே 1, இரவு 9:45

ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, கணக்கு. நெய்வேலியிலேருந்து ஒருத்தர் சுட்டிக் காட்டினார். 5 ரெண்டு விதமா விழும், 2ம் 3ம், 3ம் 2ம். ஆக 5, 6, 12 சேர்த்து 16க்கு 4. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ரெண்டு பக்கமும் எண்ணத் தெரியலைங்கறார். ஏத்துக்கறேன்.

ரெண்டு, எங்கம்மா. நான் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். "தாயம் விழுந்தா தோல்வியா? எவன்டா சொன்னான்? தாயம் விழாம காய் எப்படி இறங்கும்?"னு சண்டைக்கே வந்துட்டாங்க. நியாயம்தான். ஒண்ணு விழுந்ததும் வீடே ஆர்ப்பரிக்கற ஆட்டம் அது. அந்தக் கட்டையைக் கையில எடுத்தவுடனே அந்த ஞாபகமும் சேர்ந்துதான் வரும். அதை எதிர்த்து விதி எழுதினா மூளை ஒத்துக்காது. அதனால அம்மா விதி: மறு ஆட்டம் தர்ற எண்களான 1, 5, 6, 12 முழு வெற்றி, 16க்கு 6. 3, 4 வில்லங்கத்தோட, 16க்கு 7. ரெண்டு மட்டும் தோல்வி, 16க்கு 3. குண எண் சேர்க்காம வெறும் ஆறு முக டைஸ் ரெண்டுல 36க்கு 15 தோல்வி வரும், இதுல ரொம்பக் கம்மி. கொஞ்சம் செல்லம் கொடுக்கற விதிதான். முதல் ஆட்டத்துக்குச் செல்லம் தப்பில்லை.

மே 3, இரவு 10:20

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை நான் மட்டம் தட்டறேன்னு மூணு பேர் கோபிச்சுக்கிட்டாங்க. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் போட்ட விதையிலதான் இந்தப் பொழுதுபோக்கே முளைச்சது, அதை நான் மறுக்கலை. ரெண்டு நாள் யோசிச்சேன். ஒரு விஷயத்தை நானே மறைச்சுட்டேன்னு தோணுது, சொல்லிடறேன்.

அக்கா பெரிய பையன் போன வருஷம் 2014ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்டை (புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கான பெட்டி) யார்கிட்டேயோ வாங்கிட்டு வந்தான். 32 பக்க விதி, 64 பக்கக் கதை, ஆறு டைஸ், முக்கியமா ஏற்கெனவே எழுதி வச்ச அஞ்சு கேரக்டர் ஷீட். "மாமா, உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும், சும்மா உட்காருங்க"ன்னான். உட்கார்ந்தேன். ஷீட்டைக் கையில கொடுத்த பத்தாவது நிமிஷம் வண்டி கிளம்பிடுச்சு.

முதல் காட்சி இது. (ஆடப் போறவங்க ரெண்டு பத்தி தள்ளிப் படிங்க.) காட்டுப் பாதை, நடுவுல செத்த குதிரைங்க, புதர்ல நாலு கோப்ளின் (குட்டிப் பூதம்). இது விவகாரமான இடம். கோப்ளின் ஒரு அடி அடிச்சா ஆறு முக டைஸ் கூட்டல் ரெண்டு, அதாவது 8 வரைக்கும் போகும். முதல் படியில இருக்கற மந்திரவாதிக்கு உசிரே ஏறக்குறைய அவ்வளவுதான். புதுசா ஆடறவங்க கூட்டமா செத்துப் போறது இங்கேதான்.

பசங்க கத்தியை உருவிட்டாங்க. எங்கம்மா ஓரமா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க, ஆட்டத்துலயே இல்லை. தலை தூக்காம, "அதுங்களுக்குப் பசிடா. குதிரையை நீங்களே வச்சுக்குங்க, வழியை விடுங்கன்னு சொல்லிட்டு வண்டியை ஓட்டு"ன்னாங்க. எல்லாரும் ஒரு நிமிஷம் முழிச்சோம். பையன் புத்திசாலி, உடனே, "ஆயா, நீங்களே டைஸ் போடுங்க, அட்வான்டேஜ் தர்றேன்"னான். அப்படின்னா இருபது முக டைஸை ரெண்டு தடவை போட்டு பெரிசை வச்சுக்கறது. சராசரி பத்தரையிலேருந்து 13.8 கிட்ட ஏறும். கீரைக் காம்பு ஒட்டின கையோட போட்டாங்க. 4. அப்புறம் 19.

கோப்ளினுங்க குதிரையை இழுத்துட்டுப் போயிடுச்சுங்க. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அன்னைக்கு ராத்திரி மீதி ஆட்டம் முழுக்க பசங்க ஒவ்வொரு கதவு முன்னாடியும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாங்க.

ஆக 2019ல என் மாடியில கெட்டுப் போனது அந்த ஆட்டத்தால இல்லை. வெறும் ஷீட்டைக் கொடுத்து நிரப்பச் சொன்ன என்னால. உங்க கட்சி தோத்துடுச்சுன்னதை அரைவாசி வாபஸ் வாங்கறேன். ரெடிமேட் ஷீட்டோட இருக்கற ஸ்டார்ட்டர் கிடைச்சா ஆடுங்க. மூணு தடிப் புத்தகம் மட்டும் இப்போ வேண்டவே வேண்டாம். அடிப்படை விதி இலவச பிடிஎஃப்பாவே இருக்கு. 2023 ஜனவரியில விதித் தொகுப்பையே கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுட்டாங்க.

மே 3, இரவு 10:41

பிடிஎஃப்னதும் ஞாபகம். திருட்டு ஸ்கேனை பென் டிரைவ்ல போட்டுட்டு வந்து "அண்ணே, பேக் டு பேக், ஸ்பைரல்"னு நிக்காதீங்க. மாசத்துக்கு ஒருத்தர் வர்றீங்க. இலவசமா எழுதினவங்களே கொடுக்கறது எவ்வளவோ இருக்கு. ஐயன்ஸ்வோர்ன் இலவசம், அது தனி ஆளாவே ஆடலாம். கெய்ர்ன் இலவசம், அதுல "அடி பட்டுதா இல்லையா"ன்னு டைஸே போட வேண்டாம், அடிச்சா பட்டுடும், எவ்வளவுங்கறதுக்கு மட்டும் உருட்டணும். சண்டை ரெண்டு நிமிஷத்துல முடியும். அதனாலயே யாரும் சண்டைக்குப் போக மாட்டாங்க.

மே 5, இரவு 9:10

"யார் நடத்தறது? யாருக்கும் தைரியம் இல்லை"ன்னு தம்பி கேட்டிருக்கார். புத்தகம் எதுங்கறதை விட இது பெரிய கேள்வி.

பாகூர் பக்கம் எங்க ஆயா ஊர். சின்ன வயசுல திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போவோம், விடிய விடியக் கூத்து. ரெண்டு பேர் திரை பிடிச்சு நிப்பாங்க, பின்னாடி துரியோதனன் சலங்கை சத்தம் மட்டும் கேட்கும். முன்னாடி கட்டியங்காரன். "யாரப்பா வர்றது? எந்தச் சீமை? என்ன காரியமா வந்தீங்க?"ன்னு கேட்பான். ராஜா பாடிப் பதில் சொல்லணும். அந்தப் பதில்லதான் பாத்திரமே உருவாகும். அப்புறம் அவனே காவல்காரன், அவனே தூதன், ராஜாவையே நக்கல் அடிப்பான், ஜனம் தூங்கி வழிஞ்சா உள்ளூர்க் கதை ஒண்ணை எடுத்து விட்டு எழுப்புவான். ராஜா கிரீடம் ஒரு நாளும் அவன் தலைக்கு வராது. ஆனா அவன் இல்லாம கூத்து ஒரு அடி நகராது.

ஆட்டத்தை நடத்தறவர், அதாவது கேம் மாஸ்டர், வேலை முழுக்க அதுதான். உங்க நாலு பேர்ல விதியை மனப்பாடம் பண்றவனை விட்டுடுங்க. கிளாஸ்ல வாத்தியார் மாதிரி பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பானே ஒருத்தன், அவன் நடத்தட்டும். உட்கார்ந்ததும் அந்த மூணு கேள்வியை ஒவ்வொருத்தரையும் கேட்கச் சொல்லுங்க. யாரு, எந்த ஊர், என்ன காரியமா வந்தே. ஷீட்டுல ஏழெட்டுக் கட்டம் நிரப்பறதை விட அதுல ஆள் சீக்கிரம் தெரிஞ்சுடுவான்.

யாருமே ஏத்துக்கலைன்னா ஃபியாஸ்கோ இருக்கு, 2009ல வந்தது, நடத்தறவரே தேவையில்லை. ஆனா அதுல எல்லாரும் எல்லா நேரமும் கதை கட்டணும். கூச்சம் உள்ள கூட்டத்துக்கு அது கஷ்டம். எங்க வீட்டுல ஒரு தடவை முயற்சி பண்ணினோம், இருபது நிமிஷம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தோம், அப்புறம் சீட்டுக்கட்டை எடுத்தோம்.

மே 6, இரவு 11:55

இங்கிலீஷ் பேச வராதுன்னு முதல்லயே எழுதியிருந்தீங்க, நான்தான் கவனிக்காம தாண்டிட்டேன். தமிழ்லயே ஆடுங்க. நாங்க அப்படித்தான். "ஐ அட்டாக்"னு ஒருத்தன் சொன்னா அடுத்தவன் வாயைத் திறக்க மாட்டான். "விட்டேன் ஒரு அறை"ன்னு சொன்னா டேபிளே எழுந்து உட்காரும்.

ஃபேட் ஆக்ஸிலரேட்டட்ங்கற ஆட்டத்துல ஒரு காரியத்தை எப்படிப் பண்றேங்கறதுக்கு ஆறு வழி வச்சிருக்காங்க. நான் தமிழ்ல எழுதி லேமினேட் பண்ணிட்டேன்: ஜாக்கிரதை, சாமர்த்தியம், பந்தா, முரட்டுத்தனம், வேகம், கள்ளத்தனம். பூட்டைப் பந்தாவா திறக்கறேன்னு ஒருத்தர் சொன்னப்போ எல்லாருக்கும் அது எப்படி இருக்கும்னு புரிஞ்சுது, அவருக்கும் சேர்த்து. அந்த ஆட்டத்துக்குத் தனி டைஸ் உண்டு, கூட்டல், கழித்தல், வெறுமைன்னு. வாங்காதீங்க. லூடோ டைஸ் நாலு: 1, 2 கழித்தல், 3, 4 ஒண்ணுமில்லை, 5, 6 கூட்டல்.

விதியே பழக்கமானதா இருக்கணும்னா கால் ஆஃப் கதுலுங்கற திகில் ஆட்டம். 1981லேருந்து இருக்கு. எல்லாத் திறமையும் நூத்துக்கு இவ்வளவு. 60ன்னா நூறு முகக் கணக்குல 60க்குள்ள விழணும். மார்க்கு மாதிரி, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. (பத்து முக டைஸ் ரெண்டும் பத்துப் பத்தா வந்த கதை ஞாபகம் இருக்கா? இதை ஆடத்தான் வாங்கினேன். கடைசியில 0லேருந்து 9 வரை சீட்டு எழுதி டம்ளர்ல போட்டுக் குலுக்கினோம்.) புதுசா ஆடறவங்களுக்கான அதோட இலவச குவிக்ஸ்டார்ட் புத்தகத்துல ஒரு பேய் வீட்டுக் கதை வரும், 1920ல, பாஸ்டன் நகரத்துல. நான் அந்த விதியை மட்டும் வச்சுக்கிட்டு கதையை இங்கே கொண்டுவந்தேன்.

1910. புதுச்சேரி பிரெஞ்சுக்காரன்கிட்ட, கடலூர் இங்கிலீஷ்காரன்கிட்ட. சென்னையிலேருந்து 1908ல இங்கே புதுச்சேரிக்கு வந்து அச்சான பாரதியாரோட 'இந்தியா' பத்திரிகைக் கட்டு ஒண்ணை கடலூர்ல சேர்க்கணும். அந்தப் பக்கம் சர்க்கார் தடுக்குது. ஒருத்தர் மீன் கூடைக்காரம்மா, ஒருத்தர் மாட்டு வண்டிக்காரர், ஒருத்தர் லீவுல வந்த சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்). வழியெல்லாம் பிரிட்டிஷ் ஒற்றன். எங்க கிராமங்கள் எப்படிக் கிடக்கும்னு உங்களுக்குத் தெரியும், வரப்புல நடந்தா ரெண்டு ஆட்சியும் மாறி மாறி வரும். இன்னைக்கும் கடலூர் பஸ் எல்லையில முள்ளோடை தாண்டறப்போ சரக்கு பாட்டில் இருக்கான்னு பையைத் துழாவறாங்களே, அந்த பயத்தை அப்படியே நூறு வருஷம் பின்னாடி தள்ளிப் பாருங்க. கூடைக்காரம்மா பத்திரிகைக் கட்டைக் காரப்பொடி மேல வச்சு, அதுக்கு மேல மத்தி அடுக்கிட்டாங்க. சோதனை போடற சிப்பாய் கையை விட, அவன் தும்மலை அடக்கறானான்னு நான் டைஸ் போட, 97. அப்படி ஒரு சிரிப்பு.

1918 நவம்பர்ல எல்லையைத் தாண்டின பாரதியாரையே கடலூர்கிட்ட பிடிச்சு, கடலூர் ஜெயில்ல வச்சாங்க. ஆடினவங்களுக்கு அது தெரியும். அவங்க ஆடற ஆளுங்களுக்கு அது எட்டு வருஷம் தள்ளி நடக்கப் போறது. பத்திரிகைக் கட்டைக் கைமாத்தின கடைசிக் காட்சியில யாரும் பேசலை.

மே 7, காலை 6:50

ராத்திரி எழுதினதுல ஒண்ணு விட்டுப் போச்சு. அந்த வரிசையில இன்னொரு கதை பண்ணினப்போ, கடல் திடீர்னு உள்வாங்குதுன்னு ஒரு காட்சி வச்சேன். பயமா இருக்கும்னு நினைச்சேன், யோசிக்கலை. ஆட வந்திருந்த ஒருத்தர் தேவனாம்பட்டினம். 2004ல அங்கே இருந்தவர். டைஸைக் கீழ வச்சுட்டு எழுந்து தண்ணி குடிக்கப் போனார், ரொம்ப நேரம் வரலை.

அதுலேருந்து ஒரு வெள்ளை அட்டையில பெரிய இன்ட்டு போட்டு டேபிள் நடுவுல வைக்கறேன். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிக்கும், ஏன்னு கேட்கக் கூடாது. வெளிநாட்டுல ரொம்ப நாளா இருக்கற வழக்கம்தான், நான்தான் அலட்சியமா இருந்தேன். எந்த ஆட்டம் எடுத்தாலும் அந்த அட்டையோட எடுங்க.

மே 12, இரவு 9:30

தம்பி எழுதினதைப் படிச்சேன். ரிசல்ட்டும் வந்து ஆட்டமும் ஆடியாச்சா, சந்தோஷம். பூனை ஆட்டத்துல பெரிய மார்க்கெட்டைக் கடலூர் முதுநகர் துறைமுகமா மாத்தினது என் கதையை விட ஜோர். படகு இருக்கு, ஐஸ் பாக்டரி இருக்கு, ஓட இடம் இருக்கு. பாதி கழண்டவன் முழுசா வந்துட்டானாம், அவனே கட்டியங்காரனாமே.

உங்க சந்தேகத்துக்கு வர்றேன். ஒருத்தன் பூனை 6 தொட்டுட்டான், விதிப்படி அவுட், ஆனா ஆட்டத்தை விட்டுப் போக மாட்டேங்கறான், மூலையில உட்கார்ந்து மியாவ்ங்கறான், மத்தவங்களால சிரிப்பை அடக்க முடியலை. போகச் சொல்லாதீங்க. ஐஸ் பாக்டரி வாட்ச்மேனா ஆடச் சொல்லுங்க. கூட்டாளிங்களோட திட்டம் பூராவும் அவனுக்குத் தெரியும்ல, பிரமாதமா மடக்குவான்.

அன்னைக்கு ராத்திரியே கதை முடியணும்னு சொன்னவன் நான்தான், தெரியும். நீங்க பாதியில நிறுத்தியிருக்கீங்க. பரவாயில்லை, படகுல எத்தனை வஞ்சிரம் ஏறியிருந்ததுன்னு மட்டும் எழுதி வச்சுக்குங்க. அடுத்த வாரம் அதுக்குத்தான் சண்டை வரும்.